என் நடுக்கத்தைத் திருப்பிக் கொடு

தலைமை ஏற்றிருக்கும் கலை மன்றத் தலைவர் அவர்களே! அரங்க நிர்வாகி அவர்களே! எங்கள் இசையமைப்பாளர் அவர்களே! முன்வரிசையில் தலை நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் மாமா அவர்களே, அவர் கையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் மகளே! என் சக ஆட்டக்காரர்களே! உள்ளே இடமில்லாமல் வாசற்படியில் குடையோடு நிற்கும் ரசிகப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

கனத்த நெஞ்சோடுதான். ஆனால் தாழ்ந்த குரலில் பேச மாட்டேன். யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அவருக்கு முணுமுணுப்பு பிடிக்காது. "வாய்க்குள்ளயே பேசினா வாய்க்குத்தான் கேக்கும்" என்று அதட்டுவார். ஆகவே கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்கிறேன்: நம் குழுவின் நிறுவனர், நடன இயக்குநர், நம் காலத்து மேடையின் போக்கையே திருப்பிவிட்ட பெண்மணி மறைந்துவிட்டார். அவர் எடுத்த வேலை மறையவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பத்திரிகைகள் அவரைப் 'புதுநடனத்தின் முன்னோடி' என்று எழுதின. விருதுகள் அவரை 'மாண்புமிகு' என்று அழைத்தன. இந்த ஒத்திகைக் கூடத்தில் எங்களுக்கு அவர் 'நில்லக்கா'. ஏன் அந்தப் பெயர்? குழுவில் புதிதாகச் சேர வருகிறவர்கள் தங்கள் வித்தையையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டு வருவார்கள். சுழல்வார்கள், தாவுவார்கள், தலைகீழாக நிற்பார்கள். இவர் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார்: "நில்லு." நின்றால், "இன்னும் நில்லு." கால் கடுக்கும், கண் அலையும், மூக்கு அரிக்கும். "நிக்கத் தெரியாதவங்க ஆடி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குக் கட்டுப்பட்டு அப்படியே நின்றுவிட்டவர்களில் நானும் ஒருவன். இன்று ஒத்திகை நடத்துநர் என்ற பெயரோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அவையோரே! நில்லக்கா நடனத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பலர் நினைக்கிறீர்கள். அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் திட்டப் பிரிவு அதிகாரியாக இருந்தவர். கண்ணாடிச் சுவர் கட்டடம், உயரமான மாடி, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. அவர் வயதுக்காரர்கள் எட்டிப் பார்க்க ஏங்கிய இடத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். மாலை நேரம் நடனப் பயிற்சி. பகல் முழுக்க அலுவலகம். தினமும் காலையில் லிஃப்டுக்காகக் காத்து நிற்பார். அங்கே அவர் பார்த்தது என்ன? கழுத்தை நீட்டிக்கொண்டு, எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு, கதவு திறந்ததும் முழங்கையால் இடம் பிடிக்கிற மனிதர்கள்! உள்ளே போனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூரையைப் பார்க்கிற மனிதர்கள்! "மேல போகணும், மேல போகணும்னு நசுங்குறோமே, மேல என்னதான் இருக்கு?" என்று ஒருநாள் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாராம். அவர் பயந்துபோய் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டாராம்!

பதவி உயர்வு வந்த வாரம் அக்கா வேலையை விட்டார். அவருடைய அப்பா கேட்டார்: "நல்லா இருந்த உத்தியோகத்த விட்டுட்டுக் குதிக்கப் போறேங்கிறியே, இது உனக்கே நல்லா இருக்கா?"

"குதிக்கிறதுன்னா அவ்வளவு லேசாப்பா? நீங்க ஒரு தடவை குதிச்சுப் பாருங்க."

அக்காவின் கணவர், எங்கள் மாமா, அப்போதுதான் சொந்தமாகப் பல் மருத்துவமனை தொடங்கியிருந்தார். ஊரெல்லாம் அவரிடம் வந்து, "நீங்க சொல்லக் கூடாதா? நீங்க தடுக்கக் கூடாதா?" என்று கேட்டது. மாமா சொன்ன பதில் எங்கள் குழுவில் இன்றும் பழமொழிபோல வழங்குகிறது: "எத்தனையோ பேர் வாயில இருக்கிற ஓட்டையை அடைச்சுட்டேன். இவ வாயை மட்டும் என்னால அடைக்க முடியல." மாமா, சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தக் கூட்டத்தில் சிரிப்பதற்கு உங்களைவிட உரிமை உள்ளவர் யார்?

அந்த லிஃப்டிலிருந்துதான் 'அடுத்த மாடி' பிறந்தது. மேடை நடுவில் இரும்புச் சட்டங்களால் ஆன ஒரு கூண்டு. அதற்குள் நாங்கள் அத்தனை பேரும். மணி அடிக்கும், கதவு திறக்கும், வெளியே அதே தரை, அதே வெளிச்சம். மறுபடி உள்ளே போவோம். இன்னும் மேலே போவோம் என்று நம்புவோம். கழுத்தில் ஒருவர் கால், மார்பில் ஒருவர் முதுகு. ஒரு விமர்சகர் மறுநாள் எழுதினார்: "இது நடனமா, நெரிசலா?" அக்கா அந்தத் தலைப்பை வெட்டி எடுத்துக் கூடத்துக் கதவில் ஒட்டினார். "சரியாத்தானே கேட்டிருக்கார்?" என்றார்.

அக்காவின் பழைய மேலதிகாரி அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். முகம் இறுகியிருந்தது.

"அந்த மூலையில நசுங்கிக்கிட்டு, அப்பவும் கையை மட்டும் மேல நீட்டிக்கிட்டு நிக்கிறது... அது நான்தானே?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றார் அக்கா. "அது நான்."

இதுதான் நில்லக்கா! மனித ஆசையைப் பற்றி மேடையேற்றியவர்கள் பலர். பிறருடைய ஆசையைக் கேலி செய்து கைதட்டல் வாங்குவது சுலபம். இவர் தன் ஆசையைக் கூண்டில் ஏற்றி, விளக்கைப் போட்டு, "பாருங்க, இது நான்" என்றார். அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

அதன் பிறகு 'இரும்புக் கை'. பொருள்களைப் பெட்டியில் அடுக்குகிற கிடங்கிலிருந்து ஓர் இயந்திரக் கையை வாடகைக்கு எடுத்து வந்து, அதோடு தனியாக ஆடினார். கடைசியில் மனிதன் ஜெயிப்பான், இயந்திரம் தோற்கும், கைதட்டிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. கடைசிக் காட்சியில் அக்கா அந்தக் கையின் மீது தலை சாய்த்துப் படுத்திருப்பார். அது அவரைத் தாங்குகிறதா, பிடித்து வைத்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு நிருபர் கேட்டார்: "இயந்திரம் நமக்கு எதிரின்னு சொல்ல வர்றீங்களா?"

"எதிரியா? அது நம்ம பிள்ளை. நம்ம ஆசையில பிறந்தது. பெத்துப் போட்டுட்டு இப்ப பார்த்துப் பயந்தா எப்படி?"

சொந்தப் பிள்ளையே அந்தத் துறைக்குத்தான் போனாள். மனித உடலின் அசைவுகளைக் கணினிக்குள் பதிவு செய்யும் பொறியாளர் ஆனாள். "என் வயித்துல பிறந்ததும் மெஷினு பின்னாடி போயிடுச்சு" என்று எங்களிடம் அலுத்துக்கொள்வார். அடுத்த வீட்டுக்காரரிடம் பெருமை பேசுவார்.

நண்பர்களே, இனி சொல்லப்போவது சொல்லக் கடினமானது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஒருநாள் ஒத்திகையில் அக்கா எழுந்து வந்து ஓர் அசைவைச் செய்து காட்டினார். வலது கை அவர் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. மறுபடி செய்தார். போகவில்லை. கையைப் பார்த்து, "என்னடி, இன்னிக்கு லீவா?" என்றார். நாங்கள் சிரித்தோம். அடுத்த மாதம் தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவியது. அதற்கடுத்து, நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட ஆரம்பித்தது. நரம்பு நோய் என்றார் மருத்துவர். நடுக்கம் கூடும், தசை இறுகும், குறையாது என்றார்.

எல்லோருக்கும் நிற்கக் கற்றுக்கொடுத்தவருக்கு நிற்பதே போராட்டம் ஆனது! இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது?

நாங்கள் கேட்டு அழுதோம். அவர் அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், மாமாவுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கூடத்துக்கு வந்தபோது கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் வந்தார். எங்களை வட்டமாக உட்கார வைத்துச் சொன்னார்: "என்னைப் பாவமாப் பார்க்காதீங்க. உத்துப் பாருங்க. அடுத்த வேலை இதுதான்." அந்த வேலைக்குப் பெயர், 'எழு'. ஒரு மனித உயிர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்கிறது. அவ்வளவுதான் கதை. "காலையில எந்திரிக்கிறதை நாம ஒரு பொருட்டா நினைக்கிறோமா? அதுக்குள்ள எவ்வளவு பெரிய யுத்தம் நடக்குதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றார்.

மகள் அப்போது ஒரு யோசனையோடு வந்தாள். அம்மாவின் அசைவுகளை இப்போதே பதிவு செய்துவிட்டால், பிறகு மேடையில் ஒரு பெரிய திரையில் அந்த உருவத்தை ஆட வைக்கலாம் என்றாள்.

"நான் போன பிறகும் என்னை விடாம ஆட வைக்கலாம்னு பாக்குறியா?" என்று சண்டைக்குப் போனார் அக்கா. தாயும் மகளும் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் மாமாதான் தபால்காரர்: "உங்கம்மா சாப்பிடச் சொன்னா", "உன் பொண்ணு பசிக்கலைங்குறா."

கடைசியில் அக்காவே இறங்கி வந்தார். ஒரு நிபந்தனையோடு. பழைய ஆட்டம் எதையும் பதிவு செய்யக் கூடாது. இப்போதிருக்கும் உடம்பு எழுந்து நிற்பதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். அப்படியே முடிவாயிற்று. இந்தக் கூடத்தில்தான், சுற்றிலும் கேமராக்களை நிறுத்தி, உடம்பெங்கும் சிறு பொத்தான்கள் தைத்த கறுப்பு உடையை அணிவித்து, ஒரு மர ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அக்கா எழுந்தார். எழுந்தார் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். முதலில் விரல்கள் நடுங்கின. நடுக்கம் முழங்கைக்கு ஏறியது. முன்னால் சாய்ந்தார், பின்னால் விழுந்தார், மறுபடி சாய்ந்தார். தொடையை இரண்டு கையாலும் அழுத்தி, பல்லைக் கடித்து, கடைசியில் நின்றார். நின்றபோது அவர் முகத்தில் இருந்த வெற்றிக்கு நான் பார்த்த எந்தத் தாவலும் ஈடாகாது.

ஒரு வாரம் கழித்து மகள் அந்தப் பதிவைத் திரையில் போட்டுக் காட்டினாள். வெள்ளைப் புள்ளிகளால் ஆன பெண்ணுருவம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அது எழுந்தது. எப்படி எழுந்தது தெரியுமா? நீரிலிருந்து பூ எழுவதுபோல! ஒரு தடங்கல் இல்லை, ஒரு தள்ளாட்டம் இல்லை. பழைய நில்லக்காவே கண்முன் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினோம். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா கைதட்டவில்லை.

"இது யாரு?" என்று கேட்டார்.

"நீதாம்மா."

"என் நடுக்கம் எங்க?"

மகள் தயங்கினாள். "பதிவுல வர்ற சின்னச் சின்னக் குலுங்கலையெல்லாம் பிழைன்னு நினைச்சு மெஷினே அழிச்சிடும்மா. அப்படித்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்."

"பிழையா? இந்த நடுக்கத்தோடதான் இன்னிக்குப் பல்லு தேய்ச்சேன். இதோடதான் சட்டைப் பொத்தானைப் போட்டேன். இதோடதான் உன் கன்னத்தைத் தொட்டேன். இதை எடுத்துட்டா மிச்சம் நிக்கிறது யாரு? எவளோ ஒருத்தி. என் நடுக்கத்தைத் திருப்பிக் குடு."

அப்போது மகள் உடைந்துபோய் ஒரு கேள்வி கேட்டாள். "நீ பழையபடி நல்லா எந்திரிக்கிறதை ஒரே ஒரு தடவை பார்க்கணும்னு எனக்கு ஆசை இருக்காதாம்மா?"

அக்கா கையை நீட்டி மகளைக் கிட்டே இழுத்துக்கொண்டார். நடுங்குகிற கையால் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"பார்த்துட்ட இல்ல? இப்ப என்னைப் பாரு."

அவையோரே! நம் காலத்தின் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பெரிய பெரிய கருத்தரங்குகள் நடக்கின்றன. நானும் சிலவற்றில் போய்த் தூங்கியிருக்கிறேன். அங்கே எவரும் சொல்லாத ஒன்றை ஒரு தாய் மகளிடம் அன்று சொன்னார். நம்மைப் பிழையில்லாமல் ஆக்கிக் காட்டுகிற கருவிகளை நாம் செய்துகொண்டே இருக்கிறோம். செய்வோம்; அந்தத் திறமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் திருத்தி முடித்த பிறகு உள்ளே நாம் இருக்கிறோமா என்று யார் பார்ப்பது? அக்கா பார்த்தார்!

அன்று தொடங்கியது மகளின் வேலை. குலுங்கலை அழிப்பதற்கே பழக்கிய இயந்திரத்தை, ஒரு குலுங்கலையும் விடாமல் காப்பதற்குப் பழக்கினாள். எளிதான வேலை இல்லை. நடுக்கத்தைக் கூட்டிக் காட்டினால், "இது மிகை, நான் இவ்வளவு மோசமில்ல" என்று அம்மா திருப்பி அனுப்புவார். குறைத்தால், "கஞ்சத்தனம் பண்ணாதே" என்பார். கடைசியில் திரையில் அந்த உருவம் தள்ளாடி, சரிந்து, மறுபடி முயன்று எழுந்தபோது, அக்கா தலையாட்டினார். "இவளை எனக்குத் தெரியும்" என்றார். தாயும் மகளும் அன்று சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தபால்காரருக்கு வேலை போயிற்று.

பிறகு எங்கள் முறை. திரையில் எழுகிற உருவத்தின் முன்னால் நாங்கள் ஒவ்வொருவராக எழ வேண்டும். அந்த நடுக்கத்தை எங்கள் திடமான உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களில் ஒரு பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். "முடியலக்கா. உங்களைப் பழிச்சுக் காட்டுற மாதிரி இருக்கு."

"பழிச்சுக் காட்டுறவங்க மேலோட்டமாச் செய்வாங்க. நீ உள்ளேருந்து செய். பயப்படாதே, இது ஒட்டுவாரொட்டி இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு அழுதாள், அழுதுவிட்டு எழுந்தாள். அந்தக் காட்சி அப்படித்தான் பிடிபட்டது.

எல்லாம் கூடி வந்தது. இறுதிப் பகுதி மட்டும் பாக்கி. எழுந்து நின்ற மனிதர்கள் அதன்பின் என்ன செய்வது? எங்கே போவது? அதை அமைக்கும் முன்னால் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது நான் வாய்விட்டே கேட்டேன்: "அக்கா, முடிவு?"

குரல் மெலிந்திருந்தது. குறும்பு மெலியவில்லை. "நான் அமைச்சா மாத்திக்கிட்டே இருப்பேன், உங்களுக்கே தெரியும். நீங்க பாத்துக்குங்க" என்றார். மறுநாள் காலை, மாமா தலைவாரி விட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் தோளில் சாய்ந்தபடி போய்விட்டார்.

அரங்க நிர்வாகி அவர்கள் நான் இதைச் சொல்வதால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் நல்ல மனதோடுதான் எங்களிடம் வந்தார். அரங்கேற்றத்தைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அப்படியானால், அக்காவின் பழைய படைப்புகளையெல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்து, அவர் பாணியிலேயே ஒரு முடிவை அமைக்கச் சொல்லலாமே, இப்போதெல்லாம் முடியுமாமே என்று கேட்டார். "அவங்களே செஞ்ச மாதிரி இருக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார்.

உண்மையைச் சொன்னால், எங்களில் சிலருக்குச் சபலம் தட்டியது. அவர் அமைத்ததுபோல ஒன்று கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் வேண்டாம்? பதில் சொன்னது மகள். அந்த வேலையை ஒரு வாரத்தில் செய்து முடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"செய்ய முடியும் சார். நல்லாவே வரும்," என்றாள். "ஆனா அம்மா நினைக்காததை அம்மா பேர்ல நினைக்க வைக்க மாட்டேன். எங்களுக்குத் தெரியாததை நாங்கதான் தேடணும்."

தாயை இழந்து வாரம்கூட ஆகாத பெண்! தாயை மீண்டும் ஆட வைக்கும் வித்தை கையில் இருந்தும் கையை மடக்கிக்கொண்ட பெண்! நிர்வாகி அவர்களும் பெரிய மனிதர். ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்போ அரங்கம் உங்களுக்குத்தான். தேதியும் மாறாது" என்றார். அந்த வார்த்தைக்கு இந்த அவையில் நன்றி சொல்கிறேன்.

அன்பர்களே! இரங்கல் கூட்டங்களில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று சொல்வது வழக்கம். ஈடு செய்ய நாங்கள் முயலப் போவதில்லை. நில்லக்காவைப் போல ஒருவரை நாங்கள் உருவாக்கப் போவதில்லை, எங்களில் ஒருவர் அவர் வேடம் கட்டப் போவதுமில்லை. அடுத்த மாதம் 'எழு' அரங்கேறும். திரையில் அவர் தன் நடுக்கத்தோடு எழுவார். அதுவரை அவருடைய படைப்பு. அதன்பின் வரும் இறுதிப் பகுதி எங்களுடையது. அறிவிப்புப் பலகையில் அந்தப் பகுதிக்கு எங்கள் பெயர்கள்தான் இருக்கும். நன்றாக இருந்தால் அவருக்குக் கைதட்டுங்கள். மோசமாக இருந்தால் எங்களைத் திட்டுங்கள். 'நடனமா, நெரிசலா' என்று எழுத வேண்டும் என்றாலும் எழுதுங்கள், ஒட்டுவதற்குக் கதவு இருக்கிறது.

பயம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எழுந்து நின்ற மனிதன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காக உட்கார்ந்துவிட முடியுமா? தெரிந்துகொண்டுதான் அடி எடுத்து வைப்போம் என்றால் யார்தான் எங்கே போயிருக்க முடியும்? தெரியாமலே தொடங்குவோம். தவறுவோம். அழிப்போம். மறுபடி தொடங்குவோம். இந்தக் கூடத்தின் விளக்கு ஒருநாளும் அணையாது. 'எழு' முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குவோம். மனிதன் எதற்காக நசுங்குகிறான், எதைப் பெற்றுவிட்டுப் பயப்படுகிறான், எதைத் தாண்டி நிமிர்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். இது என் உறுதி மட்டுமல்ல. மேடையோரம் நிற்கும் இந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் இதை என்னிடம் சொல்லி, 'நீ எங்களுக்காகச் சொல்' என்று அனுப்பிய உறுதி.

மௌன அஞ்சலி செலுத்தலாமா என்று தலைவர் கேட்டார். செலுத்துவோம். எல்லோரும் எழுந்திருங்கள்.

நன்றி. இனி உங்களிடம் ஓர் உதவி. இன்னும் சற்று நேரத்தில் இங்கே இறுதிப் பகுதிக்கான முதல் ஒத்திகை தொடங்குகிறது. போகும்போது அவரவர் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போங்கள். எங்களுக்குத் தரை முழுவதும் வேண்டும்.